கோடு விழாத இரண்டு குழிகள்

கிர்கோ புல்யானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று அவன் மனைவி லூத்சே என்னிடம் கேட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது. கல்லறைக் கல்லில் பொறிக்கத்தான் கேட்டாள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவனைப் பற்றி ஏற்கெனவே ஒரு முறை எழுதிய கை இது, அப்போது எழுதியது பொய். இப்போது லூத்சேயும் போய்விட்டாள். எனக்கும் எண்பதை நெருங்குகிறது. யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது பாம்புக்கடி மருந்து செய்யும் பண்ணையில். கடலிலிருந்து உள்ளே ஒரு மணி நேரம், திராச்சே ஊருக்கு மேலே, கல்லும் முள்ளும் மட்டும் விளைகிற மேட்டில் அது இருந்தது. கொம்பு விரியனின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடுவோம். அந்த விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருள் குதிரையின் ரத்தத்தில் ஊறும். அதை எடுத்துத் தெளியவைத்துக் குப்பியில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம். ஒரு பக்கம் பாம்பு அறை, மறு பக்கம் லாயம், நடுவில் என் பரிசோதனை அறை. லாயம் முழுக்கக் கிர்கோவின் பொறுப்பு. இருபத்திரண்டு குதிரைகள், ஊசி போடுவதும் அவனே.

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவன் கிர்கோ. அதனால் அவன் எனக்குக் கூம், நான் அவனுக்குக் கூமா. எங்கள் பக்கம் அந்த உறவு கூடப் பிறந்ததைவிட ஒரு பிடி கூடுதல். கூமை யாரிடமும் காட்டிக் கொடுக்கக் கூடாது. நான் அவனைக் காட்டிக் கொடுத்ததில்லை. அதுதான் இந்தக் கதையில் கேடு.

அப்போது அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. ஆறடி ஆள், குனிந்தே நடப்பான், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு எதைத் தின்னக் கொடுத்தாலும் முதல் வாய் தான் தின்றுவிட்டுத்தான் கொடுப்பான். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ரொட்டியும் பன்றித் தொடையும் வைத்தால் முதல் துண்டு அவன் வாய்க்குள் போகும். அவன் அப்பாவும் அப்படித்தானாம், 'என் கையில் கெடுதல் இல்லை' என்று காட்டுகிற மரியாதை. குதிரைகளுக்கும் அதே மரியாதை செய்தான். தவிட்டுத் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மென்றுகொண்டே நிற்பான். பாம்பு அறைப் பெண்கள் அவனுக்கு இருபத்து மூன்றாவது குதிரை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்குக் கோபம் வந்ததில்லை.

முன்யா என்ற பெட்டைக் குதிரை பிறந்தபோது அவள் தாய் பண்ணையில் மூன்றாம் வருடம் ஊசி வாங்கிக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட கழுத்தெல்லாம் கட்டி கட்டியாக வீங்கிச் சீழ் பிடித்து, காய்ச்சலில் நின்றபடியே செத்தாள். குட்டிக்கு அப்போது ஆறு வாரம். செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டியைக் கிர்கோ தூக்கி வந்தான். அன்றைக்கு அவன் கண் இருந்த இருப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு இந்த வலி தெரியவே விடமாட்டேன் என்று ஒரே ஒரு முறை சொன்னான். எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

முன்யாவுக்கு நாலு வயதானதும் ஊசிக்கு எடுத்தார்கள். முதல் ஒன்பது ஊசியும் வீரியம் கொன்ற விஷம், மருந்து கலந்து பல்லைப் பிடுங்கியது. அதற்கே மற்றக் குதிரைகளுக்குக் கழுத்து வீங்கும், காய்ச்சல் அடிக்கும், இரண்டு நாள் தீனி எடுக்காது. பத்தாவதுதான் பச்சை விஷம். அதற்குள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும், குதிரை தாங்கிக்கொள்ளும். கணக்கு அப்படி.

முன்யாவுக்கு வீங்கவில்லை. ஊசி இறங்கும்போது தோலைக்கூடச் சிலிர்க்கமாட்டாள். ஊசி போட்ட இடத்தைத் தடவினால் மழமழவென்று இருக்கும். இரும்புக் குதிரையடா என்று எல்லாரும் அதிசயப்பட்டார்கள். கிர்கோ வாய் திறக்காமல் சிரித்தான். எனக்கு மட்டும் அதிசயப்பட முடியவில்லை, ஏனென்றால் அவள் ரத்தத்தைப் பார்க்கிறவள் நான்.

என் சோதனை எளிது. கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழை ஊற்றி உறையவைப்பேன். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு குழி. நடுக் குழியில் ஒரு சொட்டு விஷம், சுற்றுக் குழிகளில் ஆறு குதிரைகளின் ரத்தத் தெளிவு. மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்தால், விஷமும் எதிர்ப்பொருளும் கூழுக்குள் ஊர்ந்து வந்து சந்தித்த இடத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு தடித்தால் நல்ல குதிரை. முன்யாவின் குழிக்கு முன்னால் கோடே இல்லை. கூழ் தெளிந்த தண்ணீராக இருந்தது. ஐந்து பக்கம் வெள்ளைக் கோடு, ஆறாவது பக்கம் திறந்த வாசல். என் தப்பு என்று நினைத்துத் திரும்பச் செய்தேன். அதே வாசல்.

மூன்று தட்டில் கோடு விழாத குதிரை கசாப்பு லாரிக்குப் போகும் என்பது பண்ணையின் சட்டம். இரண்டு தட்டு ஆகிவிட்டது. மூன்றாவது தட்டை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிர்கோ வாசலில் வந்து நின்றான்.

"விழலையா, கூமா?"

"விழலை."

"ஒரு கோடுதானே. அட்டையில பென்சிலால இழுத்து விடு. அடுத்த தடவை தானா விழும்."

"விழலைன்னா?"

"விழும். அவ விஷத்துக்குப் பழகிட்டா. அதான் அமைதியா இருக்கா. உனக்குத்தான் பாக்கத் தெரியல."

அவன் என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. என் மகளைக் கையில் ஏந்தியவன். நான் அட்டையில் முன்யாவின் பெயருக்கு நேராகக் கோடு இழுத்தேன். ரொம்பத் தடிப்பாக இழுத்தால் பொய் தெரியும் என்று மெல்லிசாக இழுத்தேன். அந்தக் கூடுதல் சாமர்த்தியத்துக்காக இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் கோட்டை நம்பி ஊசியின் அளவு ஏறியது. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. நான் ஒவ்வொரு தடவையும் கோடு இழுத்தேன். வசந்தத்தில் யூகோக் காற்று தெற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. அந்தக் காற்று வீசினால் எங்கள் ஆட்களுக்குத் தலை பாரமாகும், பால் திரியும், புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவார்கள். அப்படி ஒரு மத்தியானம் மேய்ச்சல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இருபத்தொரு குதிரைகளும் வேலியின் ஒரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மறு மூலையில் முன்யா தனியாக. யாரும் அவளை விரட்டவில்லை, கடிக்கவில்லை. அப்படி ஒரு குதிரை அங்கே இல்லாதது மாதிரி நின்றன. காற்று முழுக்கத் தூசி. அவள் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தாள். அறைக்குத் திரும்பி வந்து, வெயில் அடிக்கிற அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏப்ரலில் எங்கள் தலைமை டாக்டர் அர்சென் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார். விஷத்தைக் காயவைக்கிற இடத்தில் அதன் தூசி பறக்கும். வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறவர்களின் ரத்தத்திலும் கொஞ்சம் எதிர்ப்பொருள் ஊறியிருக்க வேண்டும், நம்மில் யார் நல்ல குதிரை என்று பார்ப்போம் என்றார். ஆறு பேர் ரத்தம் கொடுத்தோம். டிரைவர், பாம்பு அறைப் பெண்கள் இரண்டு பேர், டாக்டர், நான், கிர்கோ. மறுநாள் தட்டை எடுத்தேன். ஐந்து மெல்லிய கோடுகள் இருந்தன, என்னுடையதுதான் அவற்றில் தடிப்பு. ஆறாவது குழிக்கு முன்னால் கூழ் தண்ணீராக இருந்தது.

அந்தத் தெளிவை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். உலகத்தில் இரண்டு உயிருக்குத்தான் என் தட்டில் அப்படி வாசல் திறக்கிறது, ஒன்று குதிரை, இன்னொன்று மனுஷன், இரண்டும் ஒரே லாயத்தில் இருக்கின்றன என்று புரிந்தது. முன்யாவின் முதல் இரண்டு தட்டோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் டாக்டர் கேள்வி கேட்பார். அதனால் பட்டியலில் கிர்கோவின் பெயருக்கு நேராகவும் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். டாக்டர் அந்தப் பட்டியலை நடைபாதைச் சுவரில் ஒட்டினார். எல்லாரும் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றைக்கே கிர்கோவைத் தேடிப் போனேன். லாயத்துக்குப் பின்னால் தகரக் கூரையில் தவிட்டு உருண்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தான். காய்ந்த அத்திப்பழத்தை மசித்துத் தவிட்டோடு பிசைந்து பிடிக்கிற உருண்டை, குதிரைகளுக்கு உயிர். பக்கத்தில் ஒரு வாளி. பாம்பு அறையில் விஷக் கண்ணாடிகளைக் கழுவுகிற முதல் தண்ணீரைச் சுண்ணாம்புக் குழியில் கொட்ட வேண்டும், அது அவன் வேலை. அந்த வாளிதான்.

"அடப் பாவி. அதையா ஊத்திப் பிசையுற?"

"முன்யாவுக்கு மட்டும்தான்" என்றான் அமைதியாக. "நீல நூல் போட்டுத் தைச்ச சாக்கு அவளோடது. மத்த சாக்கெல்லாம் மத்ததுங்களுக்கு. குட்டியா இருந்தப்பலேர்ந்து குடுக்கிறேன். தினம் ஒண்ணு. ராக்கியாவ முதல்ல குடிக்கிறப்ப தொண்ட எரியும், பழகினா தண்ணி மாதிரி எறங்கும்ல? அந்த மாதிரிதான். அவ ஆத்தா பட்ட பாட்ட இவ படக் கூடாது."

"அவளுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "முதல் வாய் நான்தான் தின்பேன். அவ எப்படி நம்புவா பின்ன?" என்று சொல்லி ஓர் உருண்டையை எடுத்துக் கடித்து, மீதியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

உடனே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. விஷம் தின்கிறவனை வேலையில் வைத்திருப்பார்களா? அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நாலு வருடமாகத் தின்கிறார்கள், குதிரையும் ஆளும் கல்லு மாதிரி இருக்கிறார்கள். ஒருவேளை கோடு விழாததுதான் பெரிய பலமோ என்னவோ. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன். பத்தாவது ஊசிக்கு முந்தைய நாள், ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை காலையில், மனசு கேட்காமல் டாக்டரின் அறைக்குப் போனேன். யாரோ எங்கேயோ செய்ததாகச் சொல்லிக் கேட்டேன். விஷத்தை வாயில் கொடுத்துப் பழக்கினால் ரத்தம் பலப்படுமா, டாக்டர்?

அவர் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு உற்சாகமானார். கேள்வி கேட்டால் அவருக்குப் பசி மறந்துவிடும்.

"ரத்தத்துல எதிர்ப்பொருள் செய்யிற வெள்ளணு இருக்கே, நெவென்கா, அது தானா வேலைய ஆரம்பிக்காது. உதவி அணுன்னு ஒருத்தன் பக்கத்துல வந்து, 'ஆமா, இது பகைதான், செய்'ன்னு முதுகில தட்டணும். அவன் வரலைன்னா இவன் பாட்டுக்குச் சும்மா உக்காந்திருப்பான்."

"அவன் ஏன் வராம இருக்கான்?"

"அவன் கையப் புடிச்சு உக்கார வெக்க இன்னொருத்தன் இருக்கான், அடக்குறவன். அவனும் வேணும். இல்லைன்னா நாம தின்ற ரொட்டியோடயும் பாலோடயும் உடம்பு சண்டைக்குப் போயிடும். வாய் வழியா, தினம் தினம், கொஞ்சமா வர்றது எதுவா இருந்தாலும் உடம்பு அத 'சாப்பாடு'ன்னு முடிவு பண்ணிரும். அடக்குறவங்க கூட்டம் பெருகிரும். அப்புறம் அதே பொருள ஊசியில குடுத்தாலும் உதவிக்காரன் எந்திரிக்க மாட்டான்."

"அது விஷமா இருந்தாலும்?"

"விஷமா இருந்தாலும்தான். வீட்டு ஆள்னு நெனச்சுக் கதவத் தொறந்து விட்டுரும்."

இதற்கெல்லாம் அன்று ஒரு பெயர் இருந்தது. நடுவில் பத்துப் பதினைந்து வருடம் அப்படி அடக்குகிற அணுவே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்னார்கள். பிறகு வேறு பெயரில் அதே ஆள் திரும்ப வந்துவிட்டான். படித்தவர்கள் எப்படியோ போகட்டும். நான் அன்றைக்கு என் தட்டில் பார்த்தது பலம் இல்லை, திறந்த கதவு என்று எனக்கு விளங்கிவிட்டது. பத்தாவது ஊசி பச்சை விஷம். முன்யாவிடம் அதற்கு எதிராக ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், முன்யாவின் கோடுகள் என் பென்சில் என்பதை. கழுவு தண்ணீர் தவறிப் போய்த் தவிட்டில் கலந்திருக்கிறது என்று சொன்னேன். கிர்கோ தின்றதைச் சொல்லவில்லை. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. நாளைக்குத்தானே ஊசி, நிறுத்திவிடலாம் என்று எழுந்தார். இரண்டு பேரும் லாயத்துக்கு நடந்தோம்.

கிர்கோ ஊசிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் தேவநற்கருணைத் திருநாள், ஊர்வலத்தில் குடைக்கம்பு பிடிப்பது அவன், அதனால் இன்றைக்கே போட்டுவிட்டேன் என்றான். போட்டு அரை மணி நேரம் ஆகிறதாம்.

முன்யா சாதாரணமாகத்தான் நின்றாள். கிர்கோ அவள் கழுத்தைத் தட்டிக் கொடுத்து, பார்த்தாயா என்பது மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு அவன் கைக்குக் கீழேயே அந்தக் கழுத்து வீங்க ஆரம்பித்தது. அவ்வளவு நாளும் வீங்காத கழுத்து. நாங்கள் பார்க்கப் பார்க்கத் தோள் வரைக்கும் இறங்கியது. அவள் சத்தம் போடவில்லை. முன்னங்கால்களை மடித்து மெதுவாகப் படுத்தாள். அப்போது மேய்ச்சல் வேலிக்குள் மூலையில் நின்ற குதிரைகள் எல்லாம் ஒன்று சேர்ந்தாற்போலத் தலையைத் திருப்பி முதல் முறையாக அவளைப் பார்த்தன.

குளிர் அறையில் மற்றக் குதிரைகளின் ரத்தத் தெளிவு இருந்தது. பெட்டி பெட்டியாக எடுத்து வந்தோம். டாக்டர் நரம்பில் ஏற்ற ஏற்ற, கிர்கோ தரையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, புட்டியில் ஒட்டியிருந்த குதிரையின் பெயரைப் பார்த்து அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். இது காலெப் கொடுத்தது, இது லிசா கொடுத்தது என்று. மறுநாள் மத்தியானம் ஊரில் ஊர்வலம் முடிந்து மணி அடித்தபோது அவள் எழுந்து நின்றாள். கிர்கோ ஊர்வலத்துக்குப் போகவில்லை. எழுந்து நின்றவளின் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

கசாப்பு லாரி வரவில்லை. டாக்டருக்கு முன்யாவின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அவளுடைய வெள்ளணுக்களில் ஒரு சிட்டிகை எடுத்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வேறொரு குதிரையின் அணுக்களோடு கிண்ணத்தில் கலந்தார். அந்தக் குதிரையின் அணுக்களும் வேலையை நிறுத்திவிட்டன. இவளுடைய அமைதி மற்றதுக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று டாக்டர் குழந்தை மாதிரிக் குதித்தார். எனக்கு அந்தக் கிண்ணத்தைக் கழுவப் பிடிக்கவில்லை, டிரைவரை விட்டுக் கழுவச் சொன்னேன். எப்படியோ, முன்யா கடைசிவரை பண்ணையில் இருக்கலாம் என்று காகிதம் வந்தது. கழுவு தண்ணீர் வாளிக்குப் பூட்டுப் போட்டார்கள். நீல நூல் சாக்குகளை எரித்துவிட்டேன் என்று கிர்கோ என்னிடம் சொன்னான்.

அடுத்த வாரம் நடைபாதையில் அவன் என்னை நிறுத்தினான். சுவரில் பட்டியல் அப்படியே ஒட்டியிருந்தது.

"பாத்தியா கூமா, என் பேருக்கு நேரா கோடு இருக்கு" என்றான். அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ரெண்டு பேரும் ஒரே உருண்டதான் தின்னோம். அவ ரத்தத்துல புடிக்கல, என் ரத்தத்துல புடிச்சிருச்சு. குதிர உடம்பு வேற, மனுஷ உடம்பு வேற போலிருக்கு. நான் நெனச்சது முழுத் தப்பில்ல பாரு."

அது என் பேனா என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்து வந்தார். வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவன் முன்யாவைப் புல்லுக்கு ஓட்டிக்கொண்டு போகிறபோது விசில் அடித்துக்கொண்டு போனான். அந்தச் சீட்டியைக் கெடுக்க மனசு வரவில்லை. மனுஷன்தானே, விஷத்தை ஊசி போட்டுக்கொள்ளவா போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கோடு நிஜமாக இருந்தாலும் கடிக்கு அது போதாது, எங்களில் யாரைக் கடித்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அது கிர்கோவுக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஜூலை போனது, ஆகஸ்டும் போனது.

செப்டம்பரில் திராட்சை அறுப்பு. கிர்கோவும் லூத்சேயும் தங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். காலை பத்து மணிக்கு, கல் அடுக்கிய சுவரோரம் இருந்த பெட்டியைத் தூக்கக் கையைக் கொடுத்தபோது கொம்பு விரியன் மணிக்கட்டின் உள்பக்கம் கடித்தது, பச்சை நரம்பின் மேலேயே. லூத்சே கத்திக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து ஆளின் காரைக் கூப்பிட ஓடினாள். கிர்கோ அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினான். பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகாது, என் ரத்தத்தைப் பார்த்தாயிற்று என்றானாம். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிவரை திராட்சை அறுத்திருக்கிறான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் பண்ணை முத்திரை போட்ட மருந்துதான் ஏற்றினார்கள். காலையிலேயே ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள்.

அடக்கத்தன்று லூத்சே என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"போலாம் போலாம்னு காலப் புடிச்சுக் கெஞ்சினேன், கூமா. 'நெவென்கா கையால எழுதி ஒட்டியிருக்கா, நெவென்கா பொய் எழுத மாட்டா'ன்னு சொன்னாரு."

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? கல்லுக்கு வாசகம் கேட்டபோது ஒரு கல்வெட்டு ஆளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கிர்கோ போன பிறகு முன்யா தீனியைத் தொடவில்லை. தொட்டி நிறையத் தவிடு இருக்கும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். புது லாயக்காரன் என்னென்னவோ செய்து பார்த்தான். ஐந்தாம் நாள் நான் போனேன். கிர்கோ நிற்கிற இடத்தில் நின்று, உத்தரத்தில் தொங்கிய சாக்கிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து அவள் பார்க்கக் கடித்து மென்று விழுங்கினேன். மீதியை நீட்டினேன். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினம் காலையில் அதுதான் என் முதல் வேலை. கிர்கோ பிடித்து வைத்துவிட்டுப் போன உருண்டைகள், அத்திப்பழ வாசனையோடு. அந்தக் குளிர்காலம் முழுவதும் தின்றோம். முன்யா என்னோடு சேர்ந்து நிற்க ஆரம்பித்தாள். மேய்ச்சலுக்குப் போனால் மற்றக் குதிரைகள் எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி நின்றன. அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஏப்ரலில் டாக்டர் மறுபடியும் எங்கள் ரத்தத்தைக் கேட்டார். மறுநாள் காலையில் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கிர்கோ இல்லாததால் ஐந்து குழிதான். நாலு கோடுகள் இருந்தன. என் குழிக்கு முன்னால் கூழ் தண்ணீராக இருந்தது. போன வருடம் எல்லாரையும்விடத் தடிப்பாக இருந்த கோடு.

லாயத்துக்குப் போய்ச் சாக்கை இறக்கினேன். அடியில் ஏழெட்டு உருண்டைதான் மிச்சம். அவற்றைக் கொட்டிவிட்டுச் சாக்கை உள்வெளியாகத் திருப்பினேன். அடித் தையலில் நீல நூல் ஓடியது. எரித்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னவன், எனக்கு அவன் கூம். அவனும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். முன்யா பின்னால் வந்து நின்று என் தோளில் தாடையை வைத்தாள்.

பின்னாளில் இதைக் கேட்டுவிட்டு, விஷ அறைப் பக்கம் போகாமல் இருந்தால் பழைய கோடு தானாகவும் மறையும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் அந்த அறையின் பக்கத்திலேதான் தினமும் உட்கார்ந்திருந்தேன்.

அன்று லாயத்திலிருந்து அறைக்குத் திரும்பி வந்து புதுப் பட்டியலை எடுத்தேன். டிரைவருக்குக் கோடு போட்டேன், பாம்பு அறைப் பெண்களுக்குப் போட்டேன், டாக்டருக்குப் போட்டேன். என் பெயருக்கு நேராகப் பேனா தானாகவே கோட்டுக்குச் சாய்ந்தது. பிடித்து நிறுத்தி, இல்லை என்று எழுதினேன்.